மறு ஆட்டத்துக்கு யார் பேர் போடுவார்?

1872 மார்ச் மாத ஆரம்பத்தில், இலண்டன் கெனிங்டன் ஓவல் மைதானத்தில், கிளாஸ்கோவிலிருந்து வந்த குயின்ஸ் பார்க் கழகமும் இலண்டனின் வாண்டரர்ஸ் கழகமும் ஆளுக்கொரு கோல்கூடப் போடாமல் ஆட்டத்தை முடித்தன. எஃப்.ஏ. கிண்ணத்தின் முதலாவது பருவம் அது, அரையிறுதி. விதிப்படி இன்னொரு நாள் மறு ஆட்டம் ஆடவேண்டும். ஊரில் பணம் திரட்டித்தான் குயின்ஸ் பார்க் அந்த ஒரு பயணத்துக்கே வந்திருந்தது. திரும்பிப் போய் மறுபடி வரவோ, இலண்டனிலேயே தங்கியிருக்கவோ கையில் காசில்லை. விலகிக்கொண்டார்கள். வாண்டரர்ஸ் நேரே இறுதியாட்டத்துக்குப் போய், மார்ச் 16இல் ரோயல் எஞ்சினியர்ஸ் அணியை 1-0 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. உலகின் மிகப் பழைய உதைபந்தாட்டக் கிண்ணத்தை முதன்முதல் தூக்கியவர்கள், அரையிறுதியில் யாரையும் தோற்கடிக்காமல் வந்தவர்கள். எதிராளியின் பயணச் செலவு அவர்களுக்காக அந்த வேலையைச் செய்துவிட்டது.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரல் 18இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், அடுத்த பருவத்திலிருந்து முதன்மைச் சுற்றுகள் எதிலும் மறு ஆட்டம் கிடையாது, சமநிலையில் முடிந்தால் அன்றைக்கே மேலதிக நேரம், பிறகு பெனல்டி என்று அறிவித்தது. கீழ்நிலை லீக் கழகங்கள் கொதித்தன. எங்களைக் கேட்காமலே பெரிய கழகங்களின் நாட்காட்டிக்காக எங்கள் வாய்ப்பை விற்றுவிட்டார்கள் என்றன. பணக்காரக் கழகம் ஏழைக் கழகத்தின் இரண்டாவது வாய்ப்பைப் பறித்துக்கொண்டது என்ற வடிவத்தில்தான் பெரும்பாலோர் அந்தச் செய்தியைப் படித்தார்கள். அந்தக் கோபத்தில் பாதியை நானும் ஏற்கிறேன். மறுபாதியில், அதாவது மறு ஆட்டம் எப்போதுமே எளியவனின் தோழன் என்ற நம்பிக்கையில், எனக்கு உடன்பாடில்லை. இலங்கையின் பதுளையிலிருந்தும் ஊவாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் பார்த்தால் கணக்கு வேறுமாதிரித் தெரிகிறது. சமநிலையான ஆட்டத்தை எப்படித் தீர்ப்பது நியாயம் என்று கேட்பதற்கு முன், அந்த இரண்டாவது நாள் யாருடைய செலவில் வருகிறது என்று கேட்கவேண்டும். அந்தச் செலவை வாசல் பணம், அதாவது சீட்டு வசூல், ஈடுசெய்யும் இடத்தில் மறு ஆட்டம் எளியவனுக்கு வரம். வாசலே இல்லாத இடத்தில் அது அவனை வீட்டுக்கு அனுப்பும் மரியாதையான வழி.

குயின்ஸ் பார்க் ஒரு தனிச் சம்பவம் என்று தள்ளிவிட முடியாது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1879 பெப்ரவரியில், லங்காஷயரின் பஞ்சாலை ஊரான டார்வனிலிருந்து ஓர் அணி காலிறுதிக்காக இலண்டனுக்கு ரயில் ஏறியது. ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர். எதிரணி ஓல்ட் ஈட்டோனியன்ஸ்; ஈட்டன் பள்ளியில் படித்த கனவான்கள். 5-1 என்று பின்தங்கியிருந்த டார்வன், கடைசி நேரத்தில் நான்கு கோல் போட்டு 5-5 என்று சமப்படுத்தியது. அன்றைக்கே மேலதிக நேரம் ஆடி முடித்துவிடுவோம் என்று டார்வன் கேட்டது, ஈட்டோனியன்ஸ் மறுத்துவிட்டார்கள். ஓவல் அவர்களுக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. இன்னொரு நாள் வருவதில் சிரமமில்லை. டார்வன்காரர் ஊருக்குத் திரும்பி, பணம் திரட்டி, ஆலையில் விடுப்புக் கேட்டு, மறுபடி வந்தார்கள். மேலதிக நேரம் ஆடியும் 2-2. மூன்றாவது தடவையும் இலண்டனுக்கே வரவேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் 6-2 என்று தோற்றார்கள். மூன்று நீண்ட பயணத்தில் களைத்த கால்களின் பங்கு அந்த ஆறு கோலில் எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் சங்கத்துக்கே அது உறுத்தியது. அடுத்து வந்த பருவங்களில் ஆரம்பச் சுற்றுகளைப் பிரதேச வாரியாகப் பிரித்து, தொலைதூரக் கழகங்கள் எடுத்தவுடனே இலண்டனுக்கு ஓடிவரும் நிலையை மாற்றினார்கள். கவனிக்கவேண்டியது இதுதான்: நியாயம் வேண்டிச் சங்கம் தொட்டது மறு ஆட்ட விதியை அல்ல, பயணத்தை.

பிறகு மறு ஆட்டம் எப்படி எளியவனின் நண்பனாயிற்று? இரண்டு காரணம். ஒன்று சனிக்கிழமை. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளவயதினருக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலையை முடித்தது. பின்னர் அது மற்ற ஆலைகளுக்கும் ஆண்களுக்கும் பரவியது. மூன்று மணிக்கு ஆட்டம் என்ற ஆங்கிலேயர் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது வாசல். சனிக்கிழமை பின்னேரம் கையில் வாரச் சம்பளத்தோடு வந்த கூட்டம் நுழைவுச் சீட்டு வாங்கியது. கிண்ண ஆட்டத்தில் அந்தப் பணத்தை இரண்டு கழகமும் பங்குபோட்டன. நம் காலத்து வழக்கத்தில் செலவு போக ஆளுக்கு 45 சதவீதம், மிச்சம் சங்கத்துக்கு. 1950களில் மின்விளக்கு வந்த பிறகு, வாரத்தின் நடுவில் இரவிலும் மறு ஆட்டம் ஆடலாம் என்றாயிற்று. அதன்பின் சின்னக் கழகம் பெரிய கழகத்தோடு சமநிலையில் முடிப்பது என்பது கிட்டத்தட்ட லொத்தர் விழுந்த மாதிரிதான்.

2005 ஜனவரியில் எக்ஸெட்டர் சிட்டி அப்படித்தான் பிழைத்தது. 2003இல் லீக்கை விட்டே இறங்கி, கடனில் மூழ்கி, ரசிகர்களின் கூட்டு நிதியம் பொறுப்பெடுத்து நடத்திய கழகம் அது. ஓல்ட் டிரபோர்டில் 67 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 0-0 என்று பிடித்து நிறுத்தியது. மறு ஆட்டம் எக்ஸெட்டரில். 0-2 என்று தோல்வி. ஆனால் இரண்டு ஆட்டத்தின் வாசல் பணமும் தொலைக்காட்சிப் பணமும் கடனை அடைக்கப் பெரிதும் உதவின. அடுத்த ஆண்டே பேர்ட்டன் அல்பியன் அதே யுனைட்டெட்டோடு 0-0 என்று முடித்து, மறு ஆட்டத்தில் 5-0 என்று உதை வாங்கி, நிறைந்த பணப்பையோடு ஊர் திரும்பியது. மறு ஆட்டத்துக்காக வாதாடுவோர் முதலில் நீட்டும் உதாரணங்கள் இவை. இரண்டிலும் சின்னக் கழகம் தோற்றது என்பதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அவர்கள் கொண்டாடுவது வாய்ப்பை அல்ல, வருமானத்தை. அதில் தப்பில்லை, பெயரை மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும். எனக்கு எதிரான நல்ல சாட்சி ஹியர்போர்ட். லீக்குக்கு வெளியே இருந்த அந்தக் கழகம் 1972 பெப்ரவரி 5இல், சேறு மண்டிய தன் சொந்த மைதானத்தில், முதலாம் பிரிவு நியூகாசிலை மறு ஆட்டத்தில் 2-1 என்று வென்றது. ஐம்பது வருடம் கடந்தும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதிலிருந்தே அது எவ்வளவு அபூர்வம் என்று ஊகிக்கலாம்.

இனி ஊவாவுக்கு வருவோம். குயின்ஸ் பார்க் காசில்லாமல் விலகிய அந்த வருடத்தில் இங்கே கோப்பிக் காலம். இலைநோய் பரவ ஆரம்பித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பிறகு தேயிலை வந்தது. ரயில் 1890களில் ஹப்புத்தளை, பண்டாரவளை வரை ஏறி, தெமோதரை வளைவைச் சுற்றி 1924இல்தான் பதுளையைத் தொட்டது. விளையாட்டு இந்த மலைக்கு வந்தபோது இரண்டு விதமான நேரத்துக்குள் வந்து விழுந்தது. துரைமாருக்குச் சொந்த நேரம் இருந்தது. ஊவாத் துரைமாரின் ரக்பி அணி கொழும்பு, கண்டி, திம்புள்ள, டிக்கோயா அணிகளோடு மோதப் போய்வந்தது. மலையிறங்கிப் போய், இரவு கிளப்பில் தங்கி, திங்கட்கிழமை திரும்பினாலும் அவர்களது சம்பளத்தில் ஒரு சதம் குறையாது. தொழிலாளிக்கு நேரம் என்பது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழும் பேர், அதாவது ஒரு நாட்கூலி. விடியற்காலை பெரட்டில், அதாவது வேலை பிரிக்கும் இடத்தில், நின்றால் பேர் உண்டு, நிற்காவிட்டால் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் நாட்கூலிக்கு ஒரு தரையைப் போட்டது; நாள் என்பதே கூலியின் அளவுகோல் என்பதை அது மாற்றவில்லை.

அந்த அளவுகோல் எவ்வளவு அண்மைவரை எப்படி வெட்டியது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. எல்லாம் சேர்ந்தால் 730. வருகைக் கொடுப்பனவு கிடைக்கவேண்டுமானால் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதமாவது வேலைக்கு வந்திருக்கவேண்டும். மாதத்தில் 24 நாள் வேலை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தேவை 18 நாள். காய்ச்சல், சாவு வீடு, பிள்ளையின் பள்ளிக்கூட அலுவல் என்று ஏற்கெனவே ஆறு நாள் போய்விட்ட ஒரு பின்கள ஆட்டக்காரன், வார நாளில் வைக்கப்படும் மறு ஆட்டத்துக்குப் போனால் அவனுக்கு 17 நாள். அன்றைய 500 ரூபாய் மட்டும் போகவில்லை. அந்த 17 நாளுக்கும் வரவேண்டிய 60 ரூபாய் வீதம் 1,020 ரூபாயும் போகிறது. பஸ் காசு, சாப்பாடு தனி. இதற்கு எதிரே அவனுக்கு வரும் வாசல் பணம் பூச்சியம். தோட்ட மைதானத்துக்கு வாசலும் இல்லை, மதிலும் இல்லை. மேல் ரோட்டிலும் லயத்து முற்றத்திலும் நின்று பார்ப்பவர்களிடம் யார் சீட்டு விற்பது? ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்றால், கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிறும் சும்மா கிடைப்பதில்லை. அன்றைய வேலைக்கு ஒன்றரை மடங்கு. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கவும் ஆள் கூப்பிடுவார்கள். வீட்டில் அடுப்பெரியவேண்டிய ஞாயிறை ஆட்டத்துக்குக் கேட்பதும் செலவுதான்.

அதனால்தான் தோட்டத்து உதைபந்தாட்டம் ஒருநாள் சுற்றுப்போட்டி என்ற உருவத்தை எடுத்தது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று ஊர் கூடும் நாட்கள், அணிக்கு எழுவர், ஆட்டம் ஒரு பக்கத்துக்கு சில நிமிடம், காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் கிண்ணம் கொடுத்தாகவேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளி என்று அணிகள் லொறியிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும். மலைச் சரிவில் சமதரை அரிது. இருந்த சமதரையில் தொழிற்சாலையும் பங்களாவும் போக மிஞ்சிய துண்டுதான் மைதானம். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் கீழே தேயிலை. பந்து கீழ் மலைக்கு உருண்டால் எடுத்து எறிய இரண்டு பையன்கள் கானுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் தேடும் நேரத்தையும் நடுவர் ஆட்ட நேரத்தில்தான் கழிப்பார். மாலை நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஒரு கோல் கம்பத்திலிருந்து மறு கோல் கம்பம் தெரியாது. இப்படிப்பட்ட நாளில் சமநிலைக்கு ஒரே மருந்து பெனல்டி. இன்றைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. தோட்டத்து இளைஞர்களில் பெரும் பகுதியினர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள், பண்டிகைக்குத்தான் வருகிறார்கள். அடுத்த ஞாயிறு மறு ஆட்டம் என்று அறிவித்தால், முன்களத்தில் ஆடவேண்டியவன் திங்கள் இரவு பஸ்ஸிலேயே போய்விட்டிருப்பான்.

பெனல்டி முறை பெரிய கழகங்கள் எளியவர்மேல் திணித்த சூழ்ச்சி என்று நினைப்பவர்களுக்கு அதன் பிறப்பை நினைவூட்டவேண்டும். அது மோசமான ஒரு தீர்ப்பு முறைக்கு மாற்றாக வந்தது. 1968 ஜூனில் நேப்பிள்ஸில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் ஆடிய ஐரோப்பிய அரையிறுதி சமநிலையில் முடிந்தபோது நாணயம் சுண்டித்தான் இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் பல்கேரியாவோடு 1-1 என்று முடித்து, சீட்டுக் குலுக்கலில் வெளியேறியது. அந்த வலியில் இஸ்ரேலியரான யோசெப் தகான் முன்வைத்த யோசனையை உலகச் சம்மேளனத்தின் நடுவர் குழுவில் முன்னெடுத்தவர் மலேசியாவின் கோ இயூ தெய்க். 1970 ஜூன் 27இல் விதிமுறைச் சபை அதை ஏற்றது. ஆக, அது இலண்டனிலோ ரோமிலோ பிறந்ததல்ல. சீட்டுக் குலுக்கலில் தோற்ற ஒரு சின்ன நாடும் ஓர் ஆசிய நாட்டு அதிகாரியும் கொண்டுவந்தது. 1976 ஐரோப்பிய இறுதியாட்டத்தில், மறு ஆட்டத்துக்குப் பதிலாகப் பெனல்டி என்று ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் ஒப்புக்கொண்டார்கள். ஆட்டக்காரரின் விடுமுறையைக் கருதி மேற்கு ஜெர்மனியர் கேட்டது என்பார்கள். எதிரணி ஆட்டக்காரர் பனென்காவின் மெல்லிய பெனல்டி உதையில் தோற்றவர்களும் அவர்களே. இரண்டாவது நாளை விரும்பாமல் இருக்க ஏழ்மைதான் வேண்டுமென்பதில்லை என்பதற்கு இது ஒரு வேடிக்கையான அத்தாட்சி.

பெனல்டி வெறும் அதிர்ஷ்டம், திறமைக்கு அங்கே மதிப்பில்லை என்பது அடுத்த ஆட்சேபம். முதலில் உதைக்கும் அணிக்குச் சாதகம் என்று சில பொருளியலாளர் கணக்கிட்டார்கள். கூடுதல் ஆட்டங்களை எடுத்துப் பார்த்த வேறு சிலர் அந்தச் சாதகம் அவ்வளவு பெரிதல்ல என்றார்கள். அந்த விவாதம் கிடக்கட்டும். அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுதல் என்றே ஒப்புக்கொள்வோம். அப்படியானால் அது யாருக்கு நல்லது? 90 நிமிடம் மறுபடி ஆடினால் பலமான அணி தன் பலத்தைக் காட்ட இன்னொரு 90 நிமிடம் கிடைக்கிறது. காயம்பட்டவனுக்குப் பதில் நல்ல ஆள் இருக்கையில் காத்திருக்கிறான். எளிய அணிக்குப் பதினோராவது ஆளுக்கே திண்டாட்டம். பதினொரு மீற்றர் தூரத்திலிருந்து ஐந்து உதை என்றால் அந்த இடைவெளி சுருங்குகிறது. 2000ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கிண்ணத்தில் நான்காம் நிலையிலிருந்த கலே என்ற அமெச்சூர் கழகம், பகலில் வேறு தொழில் பார்த்தவர்களை வைத்துக்கொண்டு, லீலையும் கானையும் பெனல்டியில் வென்றது. பிறகு ஸ்திராஸ்பூர்க்கை ஆட்ட நேரத்திலும் நடப்புச் சம்பியன் போர்தோவை மேலதிக நேரத்திலும் வென்று இறுதியாட்டம் வரை போனது. லீலோடும் கானோடும் மறு ஆட்டம் வைத்திருந்தால் போர்தோவைச் சந்தித்திருக்குமா என்பது சந்தேகம். இறுதியில் நாந்த் அணியிடம் 2-1 என்று தோற்றது; வெற்றிக் கோல் கடைசி நிமிடத்தில் கிடைத்த ஒரு பெனல்டி. அந்தக் கொடுமையையும் மறைக்கவேண்டியதில்லை.

நமது பக்கத்திலிருந்தே எனக்கு ஒரு மறுப்புச் சொல்லலாம். 1911இல் கல்கத்தாவில் மோகன் பகான், ஐ.எஃப்.ஏ. கேடய அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியோடு 1-1 என்று முடித்தது. மறு ஆட்டத்தில் 3-0 என்று நசுக்கியது. ஜூலை 29இல் கிழக்கு யோர்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்று கேடயத்தை எடுத்தது. ஒருவர் தவிர எல்லோரும் வெறுங்கால். பெனல்டி அப்போது இருந்து, மிடில்செக்ஸ் கோல்காப்பாளர் இரண்டைப் பிடித்திருந்தால், வங்காளத்துக்கு அந்த நாளே கிடைத்திருக்காது. உண்மை. ஆனால் அந்த மறு ஆட்டத்துக்கு மோகன் பகான் எவ்வளவு தூரம் போனது? டிராமில் போகும் தூரம். அதே கல்கத்தா மைதானம், ஆடியவர்கள் நகரத்து மாணவர்களும் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களும், ஆட்டம் பின்னேரம். இரண்டாவது நாள் அவர்களுக்கு மலிவு. ஒரே ஊரில் இரண்டு அணி என்றால் நானும் மறு ஆட்டத்துக்குத்தான் கை தூக்குவேன். ஹாலிஎல அணியும் பதுளை அணியும் சமநிலையில் முடித்தால், அடுத்த ஞாயிறு ஆடிப் பார்க்கட்டும். லுணுகலை அணி வெலிமடைக்கு இரண்டு தடவை வரவேண்டும் என்னும்போது கணக்கு மாறுகிறது.

இதைவிட என்னை யோசிக்கவைக்கும் ஆட்சேபம் வேறு. தோட்ட மக்களுக்கு எப்போதும் எல்லாமே குறைத்த அளவில்தான் கிடைத்தது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது, வீடு பத்தடி அறையோடு நின்றது, பேர்கூட அரையாக விழுந்தது. இப்போது ஆட்டத்தையும் பத்து நிமிடத்துக்கும் ஐந்து உதைக்கும் சுருக்கி, இதுவே உங்களுக்கு நியாயம் என்று சொல்வது அதே பழைய மனப்பான்மைதானே? கேள்வியில் பலம் இருக்கிறது. எழுவர் ஆட்டத்திலேயே வளர்ந்த பையன், பதினொருவர் ஆட்டத்தில் மூன்று முறை இடம் மாறி நிற்கத் தெரியாமல் திணறுவதை ஊவாப் பயிற்றுநர்கள் அறிவார்கள். குறுகிய ஆட்டம் குறுகிய ஆட்டக்காரனை உருவாக்குகிறது. ஆனால் இந்தக் குறை பெனல்டியால் வந்ததல்ல. கிடைத்த ஒரேயொரு நாளால் வந்தது. அந்த ஒரு நாளை இரண்டாக்காமல், மறு ஆட்டம் என்ற உரிமையை மட்டும் விதிப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால், குயின்ஸ் பார்க்குக்குக் கொடுத்ததைத்தான் நாமும் கொடுத்தவர்களாவோம். சம்பளத்தோடு கூடிய விடுப்பு, விளக்குப் போட்ட ஒரு மைதானம், மாவட்ட லீக்கில் வருடம் முழுதும் ஆட்டம். இவை வந்த பிறகு மறு ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அர்த்தமுண்டு. வரிசையை மாற்றினால் உரிமை காகிதத்தில் இருக்கும், ஆள் கொழுந்து மலையில் இருப்பான்.

தேசிய மட்டத்தில் இந்த வரிசை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இங்கிலாந்தின் பெயரையே வைத்துக்கொண்ட இலங்கை எஃப்.ஏ. கிண்ணத்தில் மாவட்ட லீக்குகளிலிருந்து மேலே வரும் கழகங்கள், கொழும்பின் சோண்டர்ஸ், ரினோன், ஜாவாலேன் போன்ற பழைய கழகங்களையும் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளையும் சந்திக்க நேர்கிறது. படையணிக்காரருக்கு ஆட்டமே கடமை. மறு ஆட்டம் வைத்தால் அந்த நாளுக்கும் மாதச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். பதுளைக்காரன் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போக 292 கிலோமீற்றர், ஏறக்குறைய பத்து மணி நேரம். திரும்பி வர இன்னொரு பத்து. இரவு ரயிலில் போய், காலையில் இறங்கி, பகல் ஆடி, மறு இரவு ரயிலில் வந்தாலும் இரண்டு பேர் போய்விடும். இந்த இரு அணிக்கும் நடுவே மறு ஆட்டம் வைத்தால், விதி இருவருக்கும் ஒன்று. விலை ஒருவருக்கு மட்டும்.

ஆகவே கேட்கவேண்டியது வேறு. பிரான்சில் மறு ஆட்டத்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அண்மையில் இறுதியாட்டம் தவிர மற்றவற்றில் மேலதிக நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு பிரிவோ அதற்கு மேலோ கீழே இருக்கும் கழகத்துக்கே சொந்த மைதானம் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியிலும் முதல் சுற்றில் அமெச்சூர் கழகம் தன் ஊரிலேயே ஆடும். பெரியவன்தான் பஸ் ஏறி வரவேண்டும். கடல்கடந்த பிரெஞ்சுத் தீவுக் கழகங்கள் தலைநிலத்துக்கு வந்து ஆடச் சம்மேளனமே பயணச் செலவைத் தாங்குகிறது. இந்து சமுத்திரத்தின் ரியூனியன் தீவிலிருந்து சென் பியருவாஸ் கழகம் 2020 ஜனவரியில் அப்படித்தான் வந்து, இரண்டாம் லீக்கின் நியோர் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 2-1 என்று வென்றது. அதற்கு மறு ஆட்டம் தேவைப்படவில்லை; விமானச் சீட்டு தேவைப்பட்டது. இங்கேயும் அதே மாதிரி, லீக் கழகம் ஒன்று படையணியையோ கொழும்புக் கழகத்தையோ சந்தித்தால் ஆட்டம் பதுளை வின்சென்ட் டயஸ் மைதானத்தில் நடக்கட்டும். சமநிலை என்றால் அன்றைக்கே பெனல்டி. மேலே போகப்போகக் கொழும்புக்கு வந்துதான் ஆகவேண்டும் என்றால், அந்த நாட்களுக்கான ரயில் காசும் ஆட்டக்காரரின் நாட்சம்பளமும் சம்மேளனத்தின் செலவுக் கணக்கில் ஏறட்டும்.

அதற்குப் பணம் எங்கே என்ற கேள்வி உடனே வரும். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் தன் 2023 - 2026 அபிவிருத்தித் திட்டத்தில் ஒவ்வோர் உறுப்புச் சங்கத்துக்கும் நடைமுறைச் செலவுக்கென்று நான்கு ஆண்டுக்கு 50 இலட்சம் டொலர் வரை ஒதுக்கியிருக்கிறது. அதற்கு மேல், உதவி அதிகம் தேவைப்படும் சங்கங்களுக்குப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் என்று தனியாக 10 இலட்சம் டொலர் வரை உண்டு. தூரமும் ஏழ்மையும் ஒரு நாட்டின் அணியைப் பின்தள்ளுகின்றன, ஆகவே பயணக் காசை மேலே இருப்பவர் தரவேண்டும் என்ற நியாயத்தின்மேல்தான் அந்தத் தனி ஒதுக்கீடே நிற்கிறது. அதே விண்ணப்பத்தை, தொகையில் சில பூச்சியங்களைக் குறைத்து, பதுளை லீக் கழகம் ஒன்று கொழும்புக்கு எழுதலாம். எத்தனை ஆட்டக்காரர், எத்தனை பேர் போகிறது, ரயிலுக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.